அவனுக்கு எல்லாம் விளங்கும் என்று சொன்னேன்

மகனே,

போன வெள்ளிக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. கட்டாரில் எந்தப் பள்ளிக்கூடமும் உன் மகனைச் சேர்க்க மாட்டேன் என்கிறது, அவனையும் தாயையும் ஊருக்கே அனுப்பிவிட்டால் என்ன, அங்கே எல்லாரும் தெரிந்த சனம், நீங்களும் முப்பத்தைந்து வருஷம் மருத்துவிச்சியாக இருந்தவர், உங்கள் பேரனை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள் என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். "அவனுக்கு எல்லாம் விளங்கும் அம்மா, பேச்சுத்தான் இன்னும் வரல்ல" என்றாய். அதற்குமேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதே சொல்லை நான் ஒருமுறை நீதிமன்றத்தில் நின்று சொல்லியிருக்கிறேன், உன் மகனைப் போன்ற ஒருவனைப் பற்றி. நீ தகப்பனாக நம்பிச் சொன்னாய். நான் பொய் என்று தெரிந்து சொன்னேன். உன் பிள்ளை இந்த ஊருக்கு வருவதற்கு முன் நீ அதை அறிய வேண்டும். நான் சொல்லாவிட்டாலும் இனி உனக்குத் தெரியவரும். இந்த மாதம் அதை நானே எழுதிக் கையொப்பம் வைத்து நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டேன். அதில் உன் பெயரும் இருக்கிறது.

சீனித்தம்பியை உனக்கு ஞாபகம் இருக்கும். உன் எட்டு வயதில் உன்னைத் தோணியில் கடத்திக்கொண்டு போனவன் என்று. உன் கூட்டாளிகளிடம் நீ அந்தக் கதையைச் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு மருமகளிடமும் சொன்னாய். ஒவ்வொருமுறையும் நான் எழுந்து குசினிக்குள் போய்விடுவேன். நீ வைத்திருக்கிற அந்த ஞாபகம் நான் தந்தது. உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாக வாசி. நடுவில் நிறுத்தினால் என்மேல் பாதிக் கோபம்தான் வரும். முழுக் கோபமும் வர வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிறை பார்த்த முதல் குழந்தைகளில் சீனித்தம்பி ஒருவன். நாலு வீடு தள்ளியிருந்த பூமணியக்காவின் ஒரே பிள்ளை. இரண்டு நாள் நோவெடுத்து வீட்டிலேயே பிறந்தவன், பிறந்து வெகுநேரம் கழித்துத்தான் அழுதானாம். ஒன்றரை வயதில்தான் உட்கார்ந்தான், நாலு வயதில்தான் முதல் சொல் வந்தது. அதையெல்லாம் என் பதிவேட்டில் நானே எழுதினேன். இருபது வயதிலும் ஆறு வயதுப் பிள்ளையின் புத்திதான். வலை கழுவச் சொன்னால் கழுவுவான், நிறுத்தச் சொல்லும்வரை கழுவிக்கொண்டே இருப்பான். யார் என்ன கேட்டாலும் சரியென்று தலையாட்டி "ஓம்" என்பான். சின்ன வயதில் விளங்கவில்லை என்று சொன்னபோதெல்லாம் அடி விழுந்ததால் அந்தச் சொல்லுக்குள் ஒதுங்கிக்கொண்டான் என்று நினைக்கிறேன். ஒருவருக்கும் கை நீட்டியதில்லை.

உன்னை நான் அவனிடம்தான் விட்டுவிட்டுப் போனேன். இது உனக்குத் தெரியாது. அப்பாவுக்கு மூதூரில் வேலை, மாதம் இரண்டுமுறைதான் வருவார். பள்ளி விட்டு நீ பூமணியக்கா வீட்டுக்குப் போவாய், வீடு வீடாகப் போகும் வெளிக்கள வேலையிலிருந்து நான் வர ஐந்து மணியாகும். அவ நெல் வெட்டுக்காலத்தில் வயல் வட்டைக்குக் கூலிக்குப் போய்விடுவா. அப்போது வீட்டில் சீனித்தம்பி மட்டும்தான். எனக்கு அது தெரியும். அவன் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாவிக்கரையில் திரிவான், நீ வீசுகிற பந்தை நூறுமுறை என்றாலும் எடுத்து வருவான். காலையில் சைக்கிளில் போகும்போது அவனைக் கண்டால் நான் சொல்வது ஒன்றுதான்: "தம்பி கேக்கிறதச் செய்து குடு மனே, அவன அழ விடாத." அவனும் "ஓம் மிஸ்ஸி" என்பான், ஊரில் எல்லாரும் மருத்துவிச்சியைக் கூப்பிடுவதுபோல.

சுனாமிக் கடல் வந்ததற்கு முந்தின வருஷம், கொக்கட்டிச்சோலைக் கோயிலில் தேர். உன் வகுப்பில் யாரோ போய் வந்து கதை சொல்லியிருக்க வேண்டும், ஒரு வாரமாக என்னை அரித்தாய். நான் விடவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம் அப்போது வேறு ஆட்களின் கையில் இருந்தது. பிள்ளைகளைச் சண்டைக்குக் கொண்டுபோகிறார்கள் என்ற பயம் ஊரெல்லாம். பதினைந்து வயதுப் பொடியன்கள் உள்ள வீடுகளில் தாய்மார் கதவடியில் பாய் போட்டுப் படுத்த காலம். நீ எட்டு வயதுப் பிள்ளை, உன்னை ஒருவரும் எடுக்க மாட்டார்கள் என்று அறிவுக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. என்னிடம் கேட்டுச் சலித்த நீ சீனித்தம்பியிடம் கேட்டிருக்கிறாய். அவன் கரையில் கட்டியிருந்த ஒருவரின் தோணியை அவிழ்த்து உன்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நான் சொன்னதைத்தான் அவன் செய்தான், மகன். இந்த வரியை எழுத எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

நான் வந்தபோது பூமணியக்கா வீடு திறந்து கிடந்தது. கரையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, இரண்டு பேரும் அந்தக் கரைக்குப் போனதைக் கண்டதாகச் சொன்னாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பொலிசுக்குப் போய், என் பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்விட்டான், அங்கே கொடுக்கத்தான் கொண்டுபோகிறான் என்று முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அது பொய்யில்லை, நான் அப்படித்தான் நம்பினேன். பொழுது சாயும் நேரம் தோணி திரும்பி வந்தது. உன் கையில் ஒரு காற்றாடி, ஐஸ்பழம் தின்ற வாய் சிவப்பாக இருந்தது. சீனித்தம்பி என்னைக் கண்டதும் சிரித்தான், வேலையைச் சரியாகச் செய்துவிட்டு வருகிறவன் சிரிப்பதுபோல. பொலிஸ் வாகனத்துக்கும் கூடிநின்ற சனத்துக்கும் முன்னால் அவன் கன்னத்தில் அறைந்தேன். நீ என் சீலையைப் பிடித்து இழுத்து, "நான்தான் அம்மா கேட்ட, தேர் பாக்க. சீனியண்ணன் கூட்டிப் போன" என்றாய். நான் உன் வாயைப் பொத்தினேன். கையால் இறுக்கிப் பொத்தினேன்.

மறுநாள் காலை பொலிசில் அவனை விசாரித்தபோது நான் அங்கேயே வாங்குப் பலகையில் இருந்தேன். சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்க, ஒரு பொலிஸ்காரர் தமிழில் சொன்னார். "பொடியனக் கொண்டுபோய்க் குடுக்கத்தானே போன?" சீனித்தம்பி "ஓம்" என்றான். "உன்ன ஆரு அனுப்பின?" அதற்கும் "ஓம்" என்றான். பொலிஸ்காரர் இன்னொருமுறை கேட்டார், ஆரு என்று. அவன் என்னைப் பார்த்தான், பிறகு தலை குனிந்து "ஓம்" என்றான். யார் என்று கேட்டதற்கு ஓம் என்று சொல்கிறவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லாரையும்விட எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுதியதில் அவன் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எத்தனையோமுறை என்னையே கேட்டிருக்கிறேன், ஒவ்வொருமுறையும் வேறு வேறு பதில் வருகிறது. முதலில் பயம் என்று நினைத்தேன். பிறகு வெட்கம் என்று தெரிந்தது. ஊரெல்லாம் கத்திவிட்டேன், எப்படித் திருப்பி எடுப்பது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அவனுக்கு விளங்காது என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? விளங்காதவன் கையில் உங்கள் பிள்ளையை ஏன் மிஸ்ஸி விட்டுவிட்டுப் போனீர்கள் என்றுதானே. ஊருக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அந்தக் கேள்வி என்னிடம் வராமல் இருக்க அவனுக்கு எல்லாம் விளங்க வேண்டியிருந்தது.

உன்னை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று செங்கலடியில் சித்தி வீட்டில் மூன்று மாதம் விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பக்கத்தில் இருத்தி, அவன் உன்னைப் பிடித்துக்கொண்டு போனான், நீ அழுதாய், இனி அவன் பக்கம் போகாதே என்று சொல்வேன். முதலில் இல்லை என்று தலையாட்டினாய். பிறகு பேசாமல் இருந்தாய். ஒருநாள் நீயாகவே சித்தியிடம், "அவன் என்ட வாயப் பொத்தின" என்று சொன்னாயாம். சித்தி அதை என்னிடம் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அது எவ்வளவு கேவலமான நிம்மதி என்று இப்போதுதான் விளங்குகிறது. உன் வாயைப் பொத்தியது என் கை, மகன்.

நீதிமன்றத்தில் அவனுக்காக ஒரு சட்டத்தரணி எழுந்து, இவர் புத்தி வளர்ச்சி குறைந்தவர், வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னார். நீதவான் என்னைப் பார்த்து, நீங்கள் அந்தப் பகுதி மருத்துவிச்சி அல்லவா, பிறந்ததிலிருந்து அறிந்தவர், அவருக்குச் சரி பிழை தெரியுமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், என் சொல்லை நம்பித்தான் கேட்டார். "அவனுக்கு எல்லாம் விளங்கும் ஐயா" என்றேன். வைத்தியப் பேச்சு அத்தோடு நின்றது. பின்வரிசையில் இருந்த பூமணியக்கா என்னை ஏசவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "மிஸ்ஸி, அவனுக்குச் சோறு தின்னத் தெரியும், வேற என்ன தெரியும்?" என்று மட்டும் கேட்டா. நான் கையை இழுத்துக்கொண்டு பஸ்சுக்கு நடந்தேன்.

அப்பா வந்தபோது ஒருநாள், பொடியன் கேட்டுத்தானே போயிருக்கிறான், முறைப்பாட்டைத் திருப்பி எடு என்றார். உங்களுக்கு என்ன தெரியும், பெற்று வளர்க்கிறவள் நான் என்று சண்டை பிடித்தேன். அதன்பிறகு நான் நீதிமன்றத் தவணைகளுக்குப் போவதை விட்டேன். வேலை, காய்ச்சல், பிறகு கடல் வந்த அழிவு, ஒவ்வொருமுறையும் ஒரு காரணம். முறைப்பாட்டுக்காரி வரவில்லை என்று வழக்கைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். பிணையில் எடுக்கப் பூமணியக்காவுக்கு ஆள் இல்லை. நான் வீட்டில் இருந்த ஒவ்வொரு தவணைக்கும் அவன் இன்னொரு மாதம் மறியல் சிறையில் இருந்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு யாரும் நடத்தாத வழக்கு என்று விட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தவன் வேறு ஆள். முன்பல் இரண்டு இல்லை. வீட்டுக்குள் சுவரோடு ஒட்டியபடி நடப்பான். இல்லாத ஆட்களோடு கதைப்பான், அவர்கள் ஏசுகிறார்கள் என்று காதைப் பொத்துவான். பிறவியில் வந்தது ஒன்று, மறியலுக்குப் பிறகு வந்தது இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல என்பது என் வேலை படித்த எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது, இரண்டையும் சேர்த்து விசர் என்றார்கள். பூமணியக்கா கோயில் கோயிலாகக் கொண்டு திரிந்து, கடைசியில் ஆஸ்பத்திரி மனநோய்க் கிளினிக்கில் காட்டினா. மாதம் ஒரு ஊசி. ஊசி போட்டால் அமைதியாக இருப்பான், விறகு பிளப்பான், வாசல் கூட்டுவான். இருபது வருஷம் ஒரு மாதம் தவறாமல் அவ அவனைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினா. என் வீட்டுக்கு முன்னால்தான் பஸ் நிற்கும். நான் முன்கதவைச் சாத்தி வைத்திருப்பேன்.

பூமணியக்கா தைப்பொங்கலுக்குப் பிறகு இறந்துபோனா. அதன்பின் அவனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. ஒரே சேட்டைப் போட்டபடி நாள்கணக்காகத் தெருவில் நடப்பதை நான் கண்டேன். மூன்று ஊசி தவறியிருக்கும் என்று கணக்கும் போட்டேன். போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பொடியன்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, செல்போனைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை பிடிகாரா, எங்களையும் பிடி" என்று அவனைச் சுற்றியிருக்கிறார்கள். அந்தப் பெயர் நான் வைத்தது, ஊர் இத்தனை வருஷமும் பாவித்தது. அவன் கல்லை எடுத்து எறிந்துவிட்டான். படம் பிடித்தவனுக்கு ஒரு கண் போய்விட்டது. பத்தொன்பது வயது. நம் ஊர் மலரின் மகன். அவனையும் நான்தான் நிறை பார்த்தேன்.

சீனித்தம்பி குற்றம் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் கண் போயிருக்கிறது. ஆனால் பொலிஸ் பழைய வழக்கையும் எடுத்து, முன்பே பிள்ளை கடத்தியவன் என்று எழுதியிருக்கிறது. இலவசமாக வாதாடுகிற இளம் சட்டத்தரணி ஒருத்தி பழைய முறைப்பாட்டில் என் பெயரைக் கண்டு தேடி வந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு விளங்கியதா அம்மா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த கிழமை சத்தியக்கடதாசி எழுதினோம். நான் உன்னை அவனிடம் விட்டுப் போனது, தேருக்குப் போக நீ கேட்டது, உன் வாயைப் பொத்தியது, நீதவானிடம் சொன்ன பொய், எல்லாம் அதில் உண்டு. எனக்கு என்ன நடக்கும் என்று கேட்டேன். வயது, காலம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், ஆனால் ஒன்றும் நடக்காது என்று உறுதி தர முடியாது என்றாள். அன்றிலிருந்து வாசலில் வாகனம் நின்றால் யன்னல் சீலையை விலக்கிப் பார்க்கிறேன்.

கடதாசி கொடுத்த செய்தி பரவியதும் மலர் வீட்டுக்கு வந்தாள். கத்துவாள் என்று பயந்தேன். அவள் கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு மெதுவாகத்தான் கேட்டாள். "என்ட பிள்ளை செய்ததும் பிழைதான் மிஸ்ஸி. ஆனா அவன வெளிய விட்டா இன்னொரு பிள்ளைக்குக் கண் போகாதெண்டு நீங்க சொல்லுவீங்களா?" வெளியே விடச் சொல்லவில்லை, மருந்து கிடைக்கிற இடத்தில் வைக்கச் சொல்கிறேன், வெளியே வந்தால் மாதாமாதம் நானே கூட்டிப் போவேன் என்றேன். "நீங்க இரிக்கிற வரைக்கும் சரி. அதுக்குப் பிறகு?" என்றாள். எனக்கு அறுபத்தாறு வயது, சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. அவள் போனபிறகு நான் யோசித்தது சீனித்தம்பியை அல்ல, உன் மகனைத்தான். அவனுக்குப் பத்தொன்பது வயதாகும்போது யார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள்? யாராவது அவனிடம் கேள்வி கேட்டால் அவன் என்ன சொல்லித் தப்பப் பார்ப்பான்? பக்கத்தில் இருக்கிறவள் வாய் திறப்பாளா?

போன திங்கட்கிழமை நீதவான் கடதாசியை வாசித்துவிட்டு, மனநல வைத்தியரின் அறிக்கை வரும்வரை வழக்கை நிறுத்தி, அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். அவ்வளவுதான், விடுதலை இல்லை. நீதிமன்றக் கூட்டில் நின்றவன் என்னைக் கண்டதும் மறியல் காவலாளியின் பின்னால் ஒதுங்கினான். வியாழக்கிழமை வார்ட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனேன். என் கையால் வாங்கவில்லை. தாதிப்பிள்ளை வாங்கிக் கொடுத்தபோது, முதுகை எனக்குத் திருப்பிவைத்துச் சாப்பிட்டான். நான் பார்க்கப் பார்க்க முழுவதையும் சாப்பிட்டான். அது போதும் என்று திரும்பி வந்தேன்.

மகனே, சட்டத்தரணி உன்னிடமும் கேட்கக்கூடும். எனக்காக ஒன்றையும் மாற்றிச் சொல்லாதே. ஞாபகம் இல்லை என்றால் இல்லை என்று சொல். இங்கே அனுப்புவதா வேண்டாமா என்ற உன் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. வா என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, பேரனை மடியில் வைத்திருக்க ஆசையாக இருக்கிறது. அந்த ஆசையை நம்பி நீ முடிவெடுக்காதே. முதலில் நீ தனியாக ஒரு கிழமை வா. இந்தத் தெருக்களில் அந்தப் பிள்ளையின் தகப்பனாக நடந்து பார், யார் என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேள். பள்ளிக்கூடத்தில் போய் நீயே கதைத்துப் பார். என் வீட்டில் தங்க மனமில்லை என்றால் சித்தி வீட்டில் தங்கு.

இந்தக் கடிதத்தை மருமகளிடம் மறைக்காதே. அவள்தான் அந்தப் பிள்ளையோடு நாள் முழுக்க இருக்கிறவள், என்னை நம்பி இங்கே வருவதா என்று தீர்மானிக்க வேண்டியவளும் அவள்தான். அவள் கையில் கொடுத்துவிட்டு நீ அறையைவிட்டு வெளியே போ. வாசித்து முடித்ததும் அவள் என்னைப் பற்றி என்ன சொல்கிறாளோ, அதை ஒரு சொல்லும் குறைக்காமல் எனக்கு எழுது.

அம்மா